தினமும் ஒரு மாத்திரை, ஐந்து ஆண்டுகள்: மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் தடுப்பு மருந்தைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து வீடு திரும்பும் நாளில், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களில் பெரும்பாலோர் கையில் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். "தினமும் ஒன்று, ஐந்து வருடம்" என்று சொல்லி அனுப்புவார்கள். கூட்டம் நெரியும் புறநோயாளிகள் பிரிவில் அதற்குமேல் விளக்க நேரம் கிடைப்பதில்லை. பெரிய சிகிச்சையெல்லாம் முடிந்துவிட்டது, இது ஏதோ சத்து மாத்திரை என்று வீட்டில் உள்ளவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

மருத்துவமனை மருந்தகத்தில் இந்த அட்டைகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இந்த மாத்திரையும் ஒரு முழுச் சிகிச்சைதான். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் தூண்டப்படும் வகைப் புற்றுநோயில், இந்த மாத்திரைகளில் ஒன்றான டமாக்சிஃபெனை ஐந்து ஆண்டுகள் முறையாக எடுத்துக்கொண்டால், அடுத்த 15 ஆண்டுகளில் அந்நோயால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துக் கண்ட உண்மை இது. ஆகவே கீழே வரும் எச்சரிக்கைகள் எதையும் மருந்தைக் கண்டு பயப்படுவதற்காக எழுதவில்லை. ஐந்து ஆண்டும் நிறுத்தாமல் எடுக்க முடிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

படி 1: உங்கள் கையில் இருப்பது எந்த மருந்து?

'ஹார்மோன் மாத்திரை' என்று பொதுவாகச் சொன்னாலும், மூன்று வேறு வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கவனிக்க வேண்டியவை வேறு.

டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதில்லை. புற்றுநோய்ச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் முந்திக்கொண்டு இது உட்கார்ந்துவிடுகிறது. வழக்கமான அளவு நாளுக்கு 20 மி.கி. மாதவிடாய் நிற்காதவர்களும் நின்றவர்களும் எடுக்கலாம். மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்களுக்கும் பெரும்பாலும் இதுதான் தரப்படுகிறது.

லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரசோல் 1 மி.கி., எக்ஸிமெஸ்டேன் 25 மி.கி. ஆகிய மூன்றும் அடுத்த வகை. மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசு, தசை போன்ற இடங்களில் 'அரோமட்டேஸ்' என்ற நொதியின் வழியாக உடல் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. இம்மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. சினைப்பை வேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு இவற்றைத் தனியாகத் தந்தால் பயனில்லை.

கோசெரலின், லூப்ரோலைட் போன்ற ஊசிகள் மூன்றாவது வகை. இளம் பெண்களின் சினைப்பையை உறங்கவைக்க இவை தரப்படுகின்றன. கோசெரலின் 3.6 மி.கி. வயிற்றுத் தோலுக்கடியில் 28 நாட்களுக்கு ஒருமுறை போடப்படும். ஊருக்குப் போயிருந்தேன், திருவிழா வந்தது என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் சினைப்பை விழித்துக்கொள்ளலாம். அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். கம்பெனி மாறினாலும் பரவாயில்லை. மருந்தின் பெயரும் மி.கி. அளவும் மாறக் கூடாது. டமாக்சிஃபென் 10 மி.கி., 20 மி.கி. என்று இரண்டு அளவுகளில் வருகிறது. போன மாதம் 20 வாங்கியவர் இந்த மாதம் 10 வாங்கி, ஒரே மாத்திரையை விழுங்கினால் பாதி மருந்துதான் உள்ளே போகும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசினின் பெயரும் ஏறத்தாழ இதுபோலவே ஒலிக்கும். வீட்டில் வயதான ஆண் ஒருவர் அதை எடுப்பவராக இருந்தால் இரண்டு அட்டைகளையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

படி 2: முதல் மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் நீங்களே வாயெடுத்துச் சொல்லிவிடுங்கள்:

- காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தக் கட்டி வந்தது, பக்கவாதம், பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர்களுக்கு இளவயதில் ரத்தக் கட்டி வந்தது
- ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பது (டமாக்சிஃபெனுடன் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்)
- கர்ப்பப்பைத் தடிப்பு, காரணம் தெரியாத ரத்தப்போக்கு
- கல்லீரல் கொழுப்பு, கண் நோய், ஏற்கெனவே ஏற்பட்ட எலும்பு முறிவு
- கர்ப்பமாக இருக்க வாய்ப்பு, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம்
- நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளும்: சித்த மருந்து, லேகியம், கடையில் வாங்கும் கேப்சூல் உட்பட

பயாப்சி அறிக்கை, ஹார்மோன் ஏற்பி அறிக்கை (உங்கள் புற்றுநோய் ஹார்மோனால் தூண்டப்படும் வகையா என்று காட்டுவது), டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் போனில் படம் பிடித்து வையுங்கள். நள்ளிரவில் வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கிருக்கும் மருத்துவருக்கு உங்களைப் பற்றித் தெரிய வேண்டியதில் பாதி அந்த மூன்று படங்களில் இருக்கும்.

படி 3: அன்றாடம் எடுக்கும் முறை

நேரம் எதுவாக இருந்தாலும் சரி, தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். டமாக்சிஃபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் ஆகியவற்றைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எடுக்கலாம். எக்ஸிமெஸ்டேனை மட்டும் சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் அது சரியாக உறிஞ்சப்படாது.

மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். ஒரு நாள் தவறியதற்காக மனம் குலையவும் வேண்டாம். இவை உடலைவிட்டு மெதுவாக வெளியேறும் மருந்துகள். அடிக்கடி தவறுவதுதான் ஆபத்து. அட்டையின் பின்புறம் ஒவ்வொரு மாத்திரைக்கு மேலும் பேனாவால் தேதி எழுதிவைக்கச் சொல்வேன். காலையில் போட்டோமா இல்லையா என்ற குழப்பமே வராது.

பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறைகளில் கடை கடையாக அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளை நீட்டிக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவிலும், மக்கள் மருந்தகங்களிலும் கேட்டுப் பாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்பதை மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரிடம் விசாரியுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த, பொடிந்த மாத்திரையை அவர் கையால் தொட வேண்டாம்.

படி 4: டமாக்சிஃபென் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

மிக அவசரமானது ரத்தக் கட்டி. எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, சிவப்பு ஆகியவை காலில் கட்டி உருவாவதன் அடையாளங்கள். இரண்டு காலும் சாயங்காலம் லேசாக வீங்குவது வேறு. ஒரு கால் மட்டும் வீங்குவது வேறு. சந்தேகமிருந்தால் ஒரு நூலை எடுத்து இரு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். தெரிந்ததும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காலைப் பிடித்துவிடவோ எண்ணெய் தேய்த்து நீவவோ கூடாது.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை கால் மரத்துப்போவது: இவற்றில் எது வந்தாலும் உடனே 108. "டமாக்சிஃபென் எடுக்கிறார்" என்ற தகவலை ஆம்புலன்ஸில் வருபவரிடமே சொல்லிவிடுங்கள்.

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு பஸ், அல்லது பல மணி நேர விமானப் பயணம் என்றால் இடையிடையே எழுந்து நடங்கள். முடியாதபோது உட்கார்ந்த இடத்திலேயே பாதங்களை மேலும் கீழுமாக அசையுங்கள். கழிவறை வசதி இருக்காது என்று நம் பெண்கள் பயணத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. இந்த மருந்து எடுக்கும்போது அந்தப் பழக்கம் வேண்டாம். மூட்டு மாற்று போன்ற பெரிய அறுவை சிகிச்சை திட்டமிட்டால் அந்த மருத்துவரையும் உங்கள் புற்றுநோய் மருத்துவரையும் முன்கூட்டியே பேசவையுங்கள். சில வாரங்களுக்கு முன்பே மருந்தை நிறுத்தி, நடமாடத் தொடங்கிய பின் மறுபடி ஆரம்பிக்கச் சொல்லக்கூடும். அந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்.

அடுத்தது கர்ப்பப்பை. டமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும், கர்ப்பப்பையின் உட்சுவரில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயல்படுகிறது. அதனால் மாதவிடாய் நின்றவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வாய்ப்பு சற்றே கூடுகிறது. மாதவிடாய் நின்றுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தமோ, பழுப்புக் கறையோ பட்டால்கூட மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். "சூடு பிடித்திருக்கும்" என்று மோர் குடித்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் என்னை மிகவும் வருத்துகிற விஷயம். இந்தப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே ரத்தப்போக்கால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போதே வந்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எந்தத் தொல்லையும் இல்லாதவர் பயத்தினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. டமாக்சிஃபென் எடுப்பவர்களில் பலருக்கு ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவர் தடிப்பாகத்தான் தெரியும். அதைப் பார்த்து வீணாகக் கர்ப்பப்பையின் உட்சுவரைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சை வரை போக நேரிடும். வருடத்துக்கொரு சாதாரணப் பரிசோதனையும், ரத்தக் கறை பட்டால் உடனடிக் கவனிப்பும் போதும்.

பார்வை மங்கினாலோ நிறங்கள் மாறித் தெரிந்தாலோ கண் மருத்துவரிடம் போங்கள். கண்புரை சற்று முன்னதாக வரலாம்.

படி 5: லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல், எக்ஸிமெஸ்டேன் எடுப்பவர்களுக்கு

இங்கே காக்க வேண்டியது எலும்பு. ஈஸ்ட்ரோஜன் அடியோடு குறைவதால் எலும்பு வேகமாகக் கரைகிறது, அதுவும் வலியில்லாமல். மருந்து தொடங்கும்போதே, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. அறிக்கையில் 'டி-ஸ்கோர்' -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று பொருள்.

நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் வேண்டும். நம் சமையலறையில் அதற்கு வழி இருக்கிறது: 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி., ஒரு தம்ளர் பாலில் 200 மி.கி.க்கு மேல். எள்ளும் முருங்கைக்கீரையும் கைகொடுக்கும். உணவில் கிடைப்பதைக் கணக்கிட்டு மீதியை மட்டும் மாத்திரையாக எடுத்தால் போதும். வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தாலும் வைட்டமின் டி குறைவாக இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். ரத்தப் பரிசோதனை செய்து அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். நடப்பதோடு, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது போன்ற சிறு எடைப் பயிற்சியும் தேவை. குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்புப் போடுங்கள்.

எலும்பைக் காக்க ஜோலெட்ரோனிக் அமிலத்தை டிரிப்ஸ் வழியாக ஏற்றச் சொன்னால், முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் அதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். ஏற்றிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் அரிதாக உண்டு. ஏற்றிய அன்றும் மறுநாளும் காய்ச்சலும் உடல்வலியும் வந்து போவது வழக்கம்.

இந்த மருந்தை நடுவில் நிறுத்தத் தூண்டுவது மூட்டு வலி. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. கோலப்பொடி விரலிடுக்கில் நிற்காது. பாட்டில் மூடியைத் திருக முடியாது. அரை மணி, ஒரு மணி நேரம் நடமாடிய பிறகு இளகும். சிக்குன்குனியா வந்துபோன வலி என்றும், வயதாகிவிட்டது என்றும் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் இதை யாரும் குறிப்பிடுவதே இல்லை. குறிப்பிட்டால் வழி இருக்கிறது. ஒழுங்கான உடற்பயிற்சி இந்த வலியைக் குறைப்பது ஆய்வுகளில் நிரூபணமானது. அது போதவில்லை என்றால் மருத்துவர் சில வாரம் ஓய்வு கொடுத்து, இதே வகையில் வேறொன்றுக்கோ டமாக்சிஃபெனுக்கோ மாற்றித் தருவார். ஒன்றில் படாத பாடு படுபவர்கள் இன்னொன்றை எளிதாகத் தாங்குவது உண்டு. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு.

கொலஸ்டிரால் பரிசோதனையை வருடம் ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

படி 6: கர்ப்பம் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

மாதவிடாய் வரவில்லை, ஆகவே கர்ப்பம் தரிக்காது என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது. டமாக்சிஃபெனின் கதையே இதற்குச் சாட்சி. 1962-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கியபோது, நிறுவனம் தேடிக்கொண்டிருந்தது கருத்தடை மருந்தை. பெண்களிடம் பார்த்தால், அது கருமுட்டை வெளிவருவதைத் தூண்டியது! லெட்ரோசோலும் அப்படியே: குழந்தையில்லாத பெண்களுக்குக் கருமுட்டை வளர ஐந்து நாள் தருவது இதே மாத்திரையைத்தான். அட்டையைப் பார்த்த உறவினர் யாராவது "இது குழந்தைக்கான மாத்திரையாச்சே" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். ஒரே மருந்துக்கு இரண்டு வேலை.

கீமோவினால் 40 வயதை ஒட்டி மாதவிடாய் நின்றவருக்கு லெட்ரோசோல் தரும்போது சினைப்பை மறுபடி உயிர்பெற வாய்ப்புண்டு. அதனால்தான் அவ்வப்போது ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்க்கிறார்கள். திடீரென மாதவிடாய் வந்தால் நல்ல சகுனம் என்று மகிழாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த மருந்துகள் சிசுவைப் பாதிக்கும். கருத்தடை மாத்திரையும் ஹார்மோன்தான் என்பதால் அது கூடாது. காப்பர்-டி அல்லது ஆணுறை பொருத்தமானது. வறட்சிக்காகத் தேங்காய் எண்ணெய் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை கிழிந்துபோகும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கிரீமைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும் இளம் பெண்களுக்கு ஆறுதலான செய்தி உண்டு. ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு மருந்து எடுத்த பிறகு, மருத்துவக் கண்காணிப்பில் இரண்டு ஆண்டு வரை நிறுத்தி, குழந்தை பெற்று, மீண்டும் தொடங்கியவர்களிடம் குறுகிய காலத்தில் நோய் திரும்பும் ஆபத்து கூடவில்லை என்று 2023-ல் வெளியான 'பாசிட்டிவ்' என்ற பெயருடைய ஆய்வு காட்டியது. மருந்தை நிறுத்தியதும் உடனே கருத்தரிக்கக் கூடாது, சில மாத இடைவெளி தேவை. எத்தனை மாதம் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

படி 7: மற்ற மருந்துகளோடு மோதல்

டமாக்சிஃபென் கல்லீரலில் மாற்றமடைந்த பிறகே முழு வலிமை பெறுகிறது. அந்த மாற்றத்தைத் தடுக்கும் மருந்துகளைக் கூடவே எடுத்தால் விழுங்கியதன் பலன் குறையும். மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸடினும் ஃபுளுவாக்ஸடினும் அவற்றில் முதன்மையானவை. சிகரெட்டை விடத் தரும் புப்ரோபியானும் அப்படியே. படர்தாமரைக்கு இங்கே சர்வசாதாரணமாக எழுதித்தரும் டெர்பினாஃபின் மாத்திரையும் இந்தப் பட்டியலில் உண்டு. பலருக்கும் இது தெரியாது. பூசும் களிம்பு பரவாயில்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வேறு வழியில் கெடுக்கிறது: டமாக்சிஃபெனை உடலிலிருந்து மளமளவென்று வெளியேற்றிவிடும். வலிப்பு மருந்துகள் சிலவும் அதுபோல்தான்.

இவற்றில் ஏதாவது ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் பட்டென்று நிறுத்த வேண்டாம். மனநல மருந்தை திடீரென நிறுத்துவது தனி ஆபத்து. காசநோய் மருந்தை நிறுத்துவது அதைவிடப் பெரியது. எழுதித்தந்த மருத்துவரிடம் இரண்டு சீட்டுகளையும் காட்டி மாற்றுக் கேளுங்கள்.

நாட்டு மருந்து பற்றி: சாம்பாரிலும் பொரியலிலும் போடும் மஞ்சளால் எந்தக் கெடுதலும் இல்லை. மிளகுச் சத்து சேர்த்து விற்கும் குர்க்குமின் கேப்சூல் வேறு. அது ரத்தத்தில் டமாக்சிஃபெனின் அளவைக் குறைப்பதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். சோயாவை உணவாகச் சாப்பிடலாம். சோயா சாறெடுத்த 'மெனோபாஸ்' மாத்திரைகள் வேண்டாம். தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம் போன்றவற்றை மருந்தளவில் எடுப்பதற்கு முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். சித்த மருத்துவரிடம் போவதை மறைக்கவும் வேண்டாம். அவரிடம் இந்த அட்டையையும், இவரிடம் அந்தச் சூரணத்தையும் காட்டுங்கள்.

படி 8: அனல், தூக்கமின்மை, மனம்

திடீரென முகமும் கழுத்தும் அனலாகி, வியர்வை கொட்டி, அடுத்த நிமிடம் குளிர்வது எல்லா வகையிலும் வரும். பருத்தி உடை, தலையணை அருகே ஒரு விசிறி, இரவில் காரமும் காபியும் குறைப்பது ஓரளவு உதவும். போதவில்லை என்றால் ஹார்மோன் கலக்காத மருந்துகள் இருக்கின்றன. வென்லாஃபாக்ஸின் டமாக்சிஃபெனோடு மோதாதது. கபாபென்டின் இரவு அனலுக்கு உதவும்.

எரிச்சல், காரணமில்லாத அழுகை, உடலுறவில் நாட்டமின்மை ஆகியவையும் ஈஸ்ட்ரோஜன் தடுக்கப்படுவதன் விளைவுகளாக இருக்கலாம். கணவர்மார்களே, இதை நீங்கள் படிப்பது நல்லது. "எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் இப்படி?" என்று கேட்காதீர்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு அவரோடு உள்ளே போய் உட்காருங்கள்.

படி 9: நிறுத்திவிடலாம் என்று தோன்றும்போது

தோன்றும். பெரும்பாலோருக்கு முதல் ஆண்டில். தொல்லை தாங்காமல் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, பரிசோதனைக்கு வரும்போது "எடுக்கிறேன் டாக்டர்" என்று தலையாட்டுவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கும் பெரிய விபத்து. மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். நிறுத்திவிட்டேன் என்று நீங்கள் உண்மையைச் சொன்னால்தான் அவர் மருந்தை மாற்றவோ தொல்லைக்கு வைத்தியம் பார்க்கவோ முடியும். ஒரு மாதம் விட்டிருந்தாலும் மீண்டும் தொடங்குவது பற்றிப் பேசலாம். அவரிடம் நேரமில்லை என்றால் செவிலியரிடம், மருந்தாளுநரிடம் கேளுங்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்குத் தமிழ்நாட்டில் 104 இருக்கிறது.

படி 10: ஐந்து ஆண்டு முடியும்போது

அட்டை தீர்ந்த நாளில் நீங்களாக முடித்துக்கொள்ள வேண்டாம். நெறிகட்டியில் நோய் பரவியிருந்தவர்களுக்கும் கட்டி பெரிதாக இருந்தவர்களுக்கும் மருந்தை நீட்டிப்பதில் பலன் உண்டு. டமாக்சிஃபெனை ஐந்துக்குப் பதில் பத்து ஆண்டு எடுத்தவர்களிடம் நோய் திரும்புவதும் அதனால் இறப்பதும் மேலும் குறைந்ததை 'அட்லஸ்' என்ற பெயருடைய ஆய்வு காட்டியது. கர்ப்பப்பைப் புற்றுநோயும் நுரையீரல் ரத்தக் கட்டியும் அதில் சற்றுக் கூடின. ஆகவே உங்கள் எலும்பின் நிலை, கர்ப்பப்பை, வயது, நோயின் தன்மை எல்லாவற்றையும் வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். ஐந்தாம் ஆண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே இதற்கென்று நேரம் கேட்டுப் போங்கள். நிறுத்தச் சொன்னாலும் மாமோகிராம் வருடந்தோறும் தொடரட்டும். அடுத்த தேதியை அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.